முன்பல் முளைப்பதற்குள் ஒரு கேமரா

கேமராக் கடைக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு அவர் நுழையும்போதே விற்பனையாளர் எதிர்ச்சுவரில் இருக்கும் ஆணியைக் காட்டிவிடுவார். அக்குளில் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்த எழுத்து அட்டை அங்கே விரிந்து தொங்கும். மேலே பூசணி அளவு எழுத்து, கீழே போகப்போக எறும்பு எழுத்து. பக்கத்துத் தெரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவர் அவர். சாப்பாட்டு வேளையில் கேமராக்களுக்குக் கண் பார்க்க வந்துவிடுகிறார்.

தெருவில் அவருக்கு 'ஒண்ணா ரெண்டா' என்று பெயர். எதிரே உட்கார்ந்தவர் முகத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "ஒண்ணு தெளிவா, ரெண்டு தெளிவா?" என்று கேட்டே நாளை ஓட்டுகிறவர். "ரெண்டும் தெளிவு" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். நல்ல பார்வையோடு வந்தவர்கூடக் குழப்பத்தோடுதான் எழுந்து போவார்.

முதல் டி.எஸ்.எல்.ஆர். கேமரா வாங்குவதற்கும் அதே வைத்தியம்தான். பொறுக்கி வைத்திருக்கும் இரண்டு கேமராவிலும் அந்த அட்டையைப் படம் எடுத்து, விற்பனையாளர் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

"ரெண்டும் ஒண்ணுதான் சார்."

"அவசரப்படாதீங்க. இடது கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க."

அந்த அப்பாவியும் மூடுவார். இதில் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. விற்பனையாளருக்குத்தான் பார்வைக் கோளாறு என்று தெரியவந்து, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டார். போட்டதும் இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்து, விவகாரம் இன்னும் இழுத்தது.

இத்தனை மெனக்கெடலும் எதற்கு என்றால், இளைய மகளுக்கு மேல்வரிசையில் இரண்டு முன்பற்கள் விழுந்திருக்கின்றன. அந்தப் பொக்கைச் சிரிப்பில் அப்பா சொக்கிப் போய்க் கிடக்கிறார். தன் முதல் கேமராவின் முதல் படம் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டார். அதுவரை வீட்டில் யாரும் அவளைப் போனில் எடுக்கக்கூடாது. "போன்ல எடுத்தா சிரிப்பு சப்பையாயிடும்" என்பது அவர் கட்சி.

"உங்க கேமரா வர்ற வரைக்கும் பல்லு உள்ளயே உக்காந்திருக்குமா?" என்பாள் மனைவி.

அந்தப் பயம் அவருக்கும் இல்லாமல் இல்லை. மூத்தவளின் பொக்கைச் சிரிப்பு, எந்த கேமரா நல்லது என்று அவர் விசாரித்துக்கொண்டிருந்தபோதே கைநழுவிப் போனது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு மனசு ஆறாது. அதனால் தினமும் காலையில் பேனா டார்ச்சை அடித்து இளையவளின் ஈறைப் பார்ப்பார்.

"அப்பா, ஆப்பிள் கடிக்கவே முடியல."

"மெதுவா வளரட்டும்மா. இப்ப என்ன அவசரம்?"

ஒரு காலையில் டார்ச் வெளிச்சத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அன்று சாப்பிடாமல்கூட கேமராக் கடைக்கு ஓடினார். "ரெண்டுல ஒண்ணைக் கொடுங்க, எதுவானாலும் சரி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் விற்பனையாளர் முந்திக்கொண்டார்.

"சார், புது மாடல் ஒண்ணு இறங்கியிருக்கு!"

கண் பார்க்கிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புதிதாக வந்ததற்கும் கண் பார்த்தாக வேண்டுமே. அட்டை மறுபடி ஆணியில் ஏறியது. கேள்வி 'ஒண்ணா, ரெண்டா, மூணா' என்று நீண்டது. மதியங்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் வாங்கியது என்னவோ முதல் நாள் கையில் எடுத்துப் பார்த்ததைத்தான்.

வீட்டுக்கு வந்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்வரை அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு மகளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

"சிரிம்மா."

அவள் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். நடுவில் இரண்டு புதுப் பற்கள், ரம்பம் மாதிரி ஓரத்தோடு. கேமராவைக் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு முனையையும் பிசிறில்லாமல் காட்டியது.

"எடுங்களேன், இதுவும் அழகாத்தானே இருக்கு" என்றாள் மனைவி.

அவருக்கு விரல் அழுந்தவில்லை. கேமராவை மார்பில் தொங்கவிட்டு மகள் எதிரே மண்டியிட்டார். "ஆ காட்டு" என்றார். பிறகு பக்கத்துப் பல்லில் விரல் நுனியை வைத்து, ஆடுகிறதா என்று மெல்ல அசைத்துப் பார்த்தார்.