அட்டையில் வந்தது யார் பெண்?

எங்கள் குவார்ட்டர்ஸ் பெண் ஒருத்தி அகில இந்திய ஃபேஷன் பத்திரிகையின் அட்டையில் வந்துவிட்டாள். அதிலிருந்து ஆவடியில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

என்னையும் சேர்த்துத்தான்.

பெண்ணின் பெயர் மலர். எங்களுக்கு எதிர் வீடு. அப்பா அருணாசலம் அண்ணாச்சி, என் கணவர் வேலை பார்க்கும் அதே தொழிற்சாலையில் ஃபோர்மேன். அம்மா பேச்சியம்மா. திருநெல்வேலிப் பக்கம். மலர் பி.காம். கடைசி வருஷம், காலேஜ் வாலிபால் டீமின் கேப்டன். நல்ல உயரம். அண்ணாச்சியே அவளிடம் அண்ணாந்துதான் பேசுவார். உயரம் தெரியக் கூடாதென்று எப்போதும் லேசாகக் கூன் போட்டு நடப்பாள்.

நல்ல கறுப்பு.

உயரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்ட பேச்சியம்மா, நிறத்தை மட்டும் விடவில்லை. பயத்தமாவு, கஸ்தூரி மஞ்சள், பாலாடை, ட்யூப் க்ரீம்... மலர் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் ஒரு யுத்தம் நடக்கிறது. உச்சி வெயிலில் பந்தாடப் போகிற பெண்ணிடம் க்ரீம் என்ன செய்யும், பாவம்!

இந்த நிலையில்தான் பம்பாயிலிருந்து ஒரு போட்டோகிராபர் வந்தார். ஆபீசர்ஸ் குவார்ட்டர்ஸில் அவருடைய அக்கா இருக்கிறார். சாயங்காலம் கிரவுண்ட் பக்கம் காலாற நடந்தவர், மலர் எம்பிக் குதித்துப் பந்தை அடிப்பதைப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை, அக்காவையும் அழைத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்கிறார். அவர் படமெடுக்கும் ஃபேஷன் பத்திரிகையில் தென்னிந்தியாவுக்கென்று ஒரு சிறப்பிதழ் வருகிறதாம். அட்டைக்கு இந்தப் பெண்தான் வேண்டுமாம்.

அண்ணாச்சி தயங்கினார். பேச்சியம்மா தயங்கவில்லை. "நாலு பேரு பாக்குற புஸ்தகத்துல வந்தா நல்ல மாப்பிள்ள அமையும்லா?" என்றாள். மலருக்கு ஒரு நாள் ப்ராக்டிஸ் போகிறதே என்று மட்டும்தான் கவலை. எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். பத்திரிகையில் வேறு எழுதுகிறேன். எனவே துணைக்கும் மொழிபெயர்ப்புக்கும் நான்.

அட்டைக்கு உடை தீர்மானிக்கும் பெண்மணி விமானத்தில் வந்து இறங்கினார். பெயர் நைனா. வடக்கே அது பெண் பெயர். பழைய சாந்துப் பொட்டு மாதிரி பெரிய பொட்டு, கைத்தறிப் புடவை, கையில் வெள்ளி வளையல்கள். வந்ததும் பேச்சியம்மாவின் பீரோவைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே வரிசையாக நைலக்ஸ், பாலியெஸ்டர், இரண்டு பூனம் புடவைகள். நைனாவின் முகம் வாடிவிட்டது. 'இங்கே யாரும் பாரம்பரியமாக உடுத்துவதில்லையா?' என்று என்னிடம் கேட்டார்.

நான் என்னைப் பார்த்துக்கொண்டேன். நைட்டி. அதன் மேல் ஒரு துண்டு. குவார்ட்டர்ஸ் பெண்களின் தேசிய உடை அதுதான். வேலூர்க்காரி, சேலத்துக்காரி, நாகர்கோவில்காரி... தண்ணீர் வராத காலையில் எல்லோரும் பிளாஸ்டிக் குடத்தோடு அந்தக் கோலத்தில்தான் நிற்போம். இதைப் பாரம்பரியம் என்று எப்படி மொழிபெயர்ப்பது? சும்மா சிரித்து வைத்தேன்.

'ஆன்மா உள்ளூர், தோற்றம் உலகம். இரண்டையும் சமமாக வைக்க வேண்டும்' என்றார் நைனா. பேச்சியம்மா, "என்ன சொல்லுதாவக்கா?" என்றாள். "ஒண்ணுமில்லே, பட்டுப்புடவை அவங்களே கொண்டு வந்திருக்காங்களாம்" என்றேன்.

படப்பிடிப்பு அயனம்பாக்கம் ஏரிக்கரையில். வேனில் போய் இறங்கினோம். முதல் தகராறு பூட்ஸில் ஆரம்பித்தது. காஞ்சிபுரம் பட்டு, அதற்குக் கீழே முழங்கால் வரை கறுப்புத் தோல் பூட்ஸ். பூட்ஸ் தெரிய வேண்டுமென்று புடவையைத் தூக்கிச் செருகினார் நைனா.

அண்ணாச்சிக்கு மூக்கு விடைத்துவிட்டது. "காலு தெரியுதுல்லா? சரிப்படாது."

"அண்ணாச்சி, வாலிபால் மேட்ச்ல ஷார்ட்ஸ் போட்டுத்தானே ஆடறா? நீங்கதானே முன்னால உக்காந்து விசிலடிக்கிறீங்க?"

"அது வெளையாட்டு. இது சேல. சேலன்னா ஒரு மொற இருக்குல்லா?"

அவர் சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடைசியில், கீழே பூட்ஸ் மூடி, மேலே புடவை மூடி, நடுவில் ஒரு சாண் கால் மட்டும் தெரியலாம் என்று சமாதானம் ஆனது.

அடுத்தது குடம். பித்தளைக் குடம்தான் வேண்டும் என்றார் நைனா. கரையோரம் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த கன்னியம்மா என்ற உள்ளூர்க்காரியைப் பிடித்தேன். பரம்பரையாக அந்த ஊரில் பயிர் வைக்கிறவர்கள். இப்போது பிள்ளைகள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போகிறார்கள்.

"ஏம்மா, உங்க வீட்டுல பித்தளைக் குடம் இருக்கா? நைனா கேக்கறாங்க" என்றேன்.

கன்னியம்மா திடுக்கிட்டு நின்றாள். "எங்க நைனாவா? அவுரு செத்து எத்தினி வருசம் ஆவுது!"

மெட்ராஸ் பக்கம் நைனா என்றால் அப்பா என்பதைப் பம்பாய் நைனாவுக்கு விளக்கி, பம்பாய் நைனாவைக் கன்னியம்மாவுக்கு விளக்கி... குடம் வந்து சேர்ந்தது. பரணில் கிடந்ததைப் புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தாள். வந்தவள் மலரைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"இன்னாமா இது? பட்டுப்பொடவ கட்டிகினு, காலுல பூட்ஸ் மாட்டிகினு, இடுப்புல கொடத்த வெச்சிகினு நிக்குது? தண்ணிக்குப் போவுதா, பரேடுக்குப் போவுதா?"

இதையும் நான் மொழிபெயர்க்கவில்லை.

பெரிய குழப்பம் அதற்குப் பிறகுதான். நைனாவோடு வந்திருந்த மேக்கப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து, மலரின் முகத்திலும் கழுத்திலும் கையிலும் எதையோ பூச ஆரம்பித்தாள். பூசப் பூச மலர் இன்னும் கறுத்தாள். எண்ணெய் வேறு. கறுப்புக் கல் சிலை மாதிரி மின்னினாள்.

பேச்சியம்மா என் கையைப் பிடித்தாள். "அக்கா! இருவது வருசமா நான் இவள வெளுக்க வைக்கப் பாடுபடுதேன். இவிய வந்து கரியப் பூசுதாவளே! நிறுத்தச் சொல்லுங்கக்கா!"

கேட்டேன். 'இதுதானே உங்கள் மண்ணின் நிறம், இது எவ்வளவு அழகு!' என்றார் நைனா. உண்மையாகவே சொன்னார். கண்ணில் தெரிந்தது. போட்டோகிராபரும் கேமராவுக்குப் பின்னாலிருந்து, 'குனியாதே, நிமிர்ந்து நில், நீ எவ்வளவு உயரம் என்று உலகம் பார்க்கட்டும்' என்று கத்தினார்.

மலர் நிமிர்ந்தாள். அந்தப் பெண் முழு உயரத்துக்கு நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வலையின் முன்னால் எம்பும்போதுகூட அப்படி இருந்ததில்லை. பேச்சியம்மாவும் பார்த்தாள். என் கையை விட்டாள். திரும்பி வரும்போது வேனில் மலர், "ஆன்ட்டி, நான் நிஜமாவே நல்லா இருந்தேனா?" என்று ரகசியமாகக் கேட்டாள். "இருந்தேடி" என்றேன். ஆவடி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.

பத்திரிகை வந்தது. ஸ்டேஷன் புத்தகக் கடையிலிருந்து அண்ணாச்சி நடந்து வரவில்லை, ஓடி வந்தார். எல்லோரும் அட்டையைச் சூழ்ந்துகொண்டோம்.

பூட்ஸைக் காணோம். படத்தை இடுப்போடு வெட்டிவிட்டார்கள். அவ்வளவு சண்டை போட்ட ஒரு சாண் காலையும் காணோம். சேறாகக் கிடந்த ஏரி நீலக்கடலாக மாறியிருந்தது. அதெல்லாம் போகட்டும். மலர்... மலர் சிவப்பாக இருந்தாள். கோதுமை நிறம். எண்ணெய் பூசி, கரி பூசி எடுத்த படத்தை அச்சடிக்கும்போது எப்படியோ வெளுத்துவிட்டிருந்தார்கள். பக்கத்திலேயே பெரிய ஆங்கில எழுத்தில், தெற்கின் கறுப்பழகைக் கொண்டாடுவதாகப் போட்டிருந்தது.

இரண்டு தடவை படித்தேன். எனக்கு இங்கிலீஷ் மறந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்துவிட்டது!

பேச்சியம்மா மட்டும் பூரித்துப் போனாள். இருபது வருஷத்துக் கனவு அட்டையில் இருந்ததே! மலர் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா இது யாரு?" என்றாள். அதன் பிறகு அந்தப் பத்திரிகையை அவள் தொட்டு நான் பார்க்கவில்லை.

கன்னியம்மாவுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கவலை வேறு. "எங்க ஊட்டு கொடம் பாதிதாம்மா கீது! மீதி எங்க?"

பேச்சியம்மா எதிர்பார்த்தபடியே வரனும் வந்தது. தூத்துக்குடிக் குடும்பம், பையனுக்கு பேங்க் வேலை. பம்பாயிலிருக்கும் அவனுடைய சித்தி அட்டையைப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஜாதகம் பார்த்தார்கள், பிரமாதமாகப் பொருந்தியது. போன ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பையன், அவன் அம்மா, தங்கை, இரண்டு பெரியவர்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

மலர் காப்பித் தட்டோடு வந்தாள். பையனின் அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு உள்ளறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"மூத்த பிள்ள உள்ள இருக்காளா?"

"எங்களுக்கு ஒரே பிள்ளதான். இவதான்" என்றார் அண்ணாச்சி.

"இல்ல... அட்டையில நல்ல நெறமா இருந்தாளே?"

"அச்சாபீஸ்ல அப்படி ஆயிட்டேன்" என்றாள் மலர்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி தரையைப் பார்த்தார். நான் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அட்டையில இருக்குறது பம்பாய்க்காரன் செஞ்ச பொண்ணு" என்றாள் பேச்சியம்மா. "நான் பெத்த பொண்ணு இதான். எம் பிள்ளைக்கு என்ன கொற? பிடிச்சிருந்தா காப்பி குடிங்க."

குடித்தார்கள். அது வேறு எனக்குக் குழப்பம். பிடித்துக் குடித்தார்களா, ஆறிவிடும் என்று குடித்தார்களா?

அவர்கள் போனதும் பேச்சியம்மா என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "நான் சொன்னது சரியாக்கா? இல்ல, வாயால கெடுத்துட்டேனா?" சரிதான் என்றேன். அவள் நம்பவில்லை. உண்மையில், அவளுக்கே அந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன என்று தெரியவில்லை.

புதன்கிழமை தரகர் வழியாகத் தகவல் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம். பிரமாதமாகப் பொருந்திய அதே ஜாதகம்தான்! வியாழக்கிழமை அண்ணாச்சி லீவு போட்டுவிட்டு, மலரை ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா செலக்‌ஷனுக்கு அழைத்துப் போனார். முதல் சுற்றில் தேறிவிட்டாள். "கல்யாணம் அப்புறம் பாத்துக்கலாம் ஆன்ட்டி" என்று சொல்லும்போது நிமிர்ந்துதான் நின்றாள்.

அப்போதுதான் அந்த விஷயத்தைச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, பையனின் தங்கை கை கழுவுகிற சாக்கில் உள்ளே வந்திருக்கிறாள். மலரைவிட ஒரு பிடி கறுப்பு. "அக்கா, அந்த போட்டோகிராபர் எங்க இருக்காரு?" என்று கேட்டிருக்கிறாள்.

"நீ என்னடி சொன்னே?"

"பம்பாய்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

கறுப்பே அழகு என்று யாராவது சொல்லக் கேட்பதற்காகப் போக நினைத்தாளா, சிவப்பாக அச்சாகி வருவதற்காகவா? அந்தப் பெண்ணுக்காவது தெரிந்திருந்தால் சரி!