கூரையைத் தொடாத ஸ்டெல்லா

ஸ்டெல்லா போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னது மலர். ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து காலையில் போன் செய்தார். ஸ்டெல்லாவும் நானும் சேர்ந்து வரைந்த வீட்டில் குடியிருப்பவர். தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு நின்றபோது தகவல் வந்ததாம். "டேங்க் நிரம்பி வழியறதுகூடத் தெரியாம நின்னுட்டேன் சார்" என்றார். தண்ணீர் கொட்டும் சத்தம் எனக்கும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

இதைப் படிக்கும் தஞ்சாவூர்க்காரர்களில் சிலர் ஸ்டெல்லா வரைந்த வீட்டில் இருக்கிறீர்கள். சிலர் நான் வரைந்த வீட்டில். எது எவருடையது என்பது ஐப்பசி மழையில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஊரில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய், போன கையோடு வீட்டுக்குப் பணம் அனுப்பத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டப்போகும் வீட்டை முதலில் கம்ப்யூட்டரில் பார்க்கவேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. டிப்ளமோ சிவில் முடித்த நாங்கள் இருவரும் கூட்டாக ஒரு மாடி அறையைப் பிடித்து, வீடு வரையும் மென்பொருள் ஒன்றையும் வாங்கிப் போட்டோம். சுவரை வரைந்தால் கூரை தானே முளைக்கும் என்பது அதன் பெருமை. பனி கொட்டும் தேசத்தில் செய்தது. பனி வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாகக் கூரையைச் சாய்த்துவிடும். நம்மூர்ப் பனி மார்கழிக் கோலத்தை நனைப்பதோடு சரி என்பது அதற்கு எப்படித் தெரியும்?

கூரை சரியாக வராவிட்டால் நான் கூரையோடு மல்லுக்கட்டுவேன். இழுப்பேன், வெட்டுவேன், ஒட்டுவேன், கரண்டுக்காரனைத் திட்டுவேன். ஓர் ஆயுதபூஜையன்று மானிட்டருக்குச் சந்தனம் பூசிக் கற்பூரமும் காட்டினேன். ஸ்டெல்லா தன் பங்குக்கு வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த தீர்த்தத்தை அதன்மேல் தெளித்து, "ரெண்டு பேரும் பாத்துக்கட்டும்" என்றார். அப்படியும் கூரை சேரவில்லை. பிறகு அவர் உட்கார்ந்து, கூரையை மொத்தமாக அழித்துவிட்டு, வெறும் சுவர்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். போர்ட்டிகோ மூலையில் இரண்டு சுவர்கள் ஒன்றையொன்று தொடுவதுபோல் பாசாங்கு செய்துகொண்டு, மயிரிழை விலகி நின்றன. இழுத்துச் சேர்த்தார். கூரை தானாக மூடிக்கொண்டது. "கூரையைத் தொடாதீங்க ஆர்க்கிடெக்ட் சார். சுவர் சொன்னதைத்தான் அது சொல்லும்" என்றார். நான் ஆர்க்கிடெக்ட் இல்லை. அதனால்தான் அப்படிக் கூப்பிடுவார்.

வம்பு பேசுவதில் மட்டும் நாங்கள் சமம். வாசல் தெரிகிற மாதிரி சமையலறைக்கு ஜன்னல் கேட்டால், அந்த வீட்டு மாமியார் இன்னும் பொறுப்பை விடவில்லை என்பார் ஸ்டெல்லா. ஒருவர்கூடத் தப்பியதில்லை. மாமியார்கள் எங்களை மன்னிக்க வேண்டும்.

மலர் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மலரின் கணவர் குமார் ஊரில் நடவு, அறுப்பு என்று இருப்பவர். அவருடைய அண்ணன் செல்வம் சிங்கப்பூரில். இரண்டு போர்ஷனாக ஒரு வீடு கட்டத் திட்டம். மனை அவர்களின் அப்பா பேரில் இருந்தது. பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஒரே கூரையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மனையை எழுதித் தரமாட்டேன். செல்வத்தின் லீவு அந்த வாரத்தோடு முடிகிறது. மலரோ மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டில், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மூலை மூலையாக இடம் மாறிக்கொண்டிருந்தார். இந்த முறை தவறினால் அண்ணன் அடுத்து வரும்வரை அந்த ஒழுகல்தான்.

கூரை சேரவே இல்லை. எப்படி வரைந்தாலும் இரண்டாக உடைந்து, நடுச்சுவர் அதைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. தன் பங்கான தெற்குப் போர்ஷனை மட்டும் அரை அடி உயர்த்தச் சொல்லி செல்வம் எனக்குப் போன் செய்திருந்தார், யாரிடமும் சொல்லவேண்டாம் என்று. நானும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. நானே உயர்த்திவிட்டு, கூரை ஏன் உடைகிறது என்று நானே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் முன்பக்கக் கூரையைக் கையால் இழுத்து அந்தச் சுவரை மறைத்துவிட்டேன்.

குடும்பமே வந்து மானிட்டர் முன் உட்கார்ந்தது. படத்தைப் பார்த்துப் பெரியவருக்கு முகமெல்லாம் பல். சாப்பிட்டுவிட்டு வந்த ஸ்டெல்லா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "முன்னாடியிருந்து பாத்தா எல்லா வீடும் நல்ல வீடுதான்" என்று மவுஸை வாங்கி, வீட்டை அப்படியே பின்பக்கம் திருப்பினார்.

"இது என்னம்மா, நடுவுல சுவரு நீட்டிக்கிட்டு நிக்குது?" என்றார் பெரியவர்.

ஸ்டெல்லா கூரையை அழித்துச் சுவர்களைக் காட்டினார். தெற்குப் பக்கம் அரை அடி உசரம், அதனால்தான் சேரவில்லை என்று மட்டும் சொன்னார். கேட்டது யார் என்று அவர் கேட்கவில்லை. நான் மின்விசிறியைப் பார்த்தேன். செல்வமும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே ஒப்புக்கொண்டார்: வாஸ்துக்காரர் சொன்னாராம், தென்மேற்கு கன்னி மூலை உயர்ந்திருக்கவேண்டும் என்று.

"அப்ப சின்னவன் பள்ளத்துல கெடக்கட்டுமா?" பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். மலர் பால்புட்டியைப் பைக்குள் வைத்தார்.

"உக்காரு மலர்" என்றார் ஸ்டெல்லா. பிறகு செல்வத்தைப் பார்த்து, "அண்ணே, கன்னி மூலைதான உசரணும்? அங்க தண்ணி டேங்கை வச்சுருவோம். வீட்டுலயே அதுதான் உசரம். ரெண்டு பக்கத்துக்கும் அதுலேர்ந்துதான் தண்ணி."

பேசிக்கொண்டே சுவர்களைச் சமமாக்கினார். கூரை ஒன்றாக வந்து மூடியது. நான் இழுத்து வைத்திருந்த துண்டு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

குமார் அப்போதுதான் பேசினார்: "மோட்டார் சுவிட்ச் மட்டும் எங்க பக்கம் இருக்கட்டும்ணே."

செல்வம் சிரித்துவிட்டார். பெரியவர் மறுபடி உட்கார்ந்தார். அந்த வாரமே பத்திரம் முடிந்தது. மலர் தினமும் காலையில் போடுகிற சுவிட்ச் அதுதான்.

நான் பிறகு வரைவதை விட்டு எழுத வந்துவிட்டேன். ஊர் பிழைத்தது. ஸ்டெல்லாவிடமிருந்து நான் எடுத்துவந்தது ஒன்றே ஒன்று: எதை எழுதினாலும் அனுப்புவதற்கு முன் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிடுவது. இதையும் அப்படிப் பார்த்தேன். ஆரம்பத்தில், அந்த வீட்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வரைந்தோம் என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சுவரை மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன், அவர் இருந்தால் முதலில் அங்கேதான் விரலை வைப்பார்.

வரைந்தது ஸ்டெல்லா. நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பங்குக் கடலையையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.