மீசை வைத்த பெட்டிகள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சிடும் புரோகிராமை எழுதியவன் நான். அதற்கு இணையத்தில் யாரோ எழுதிவைத்த ஒரு குட்டி நிரல் லைப்ரரியை நம்பினேன். {} என்று வளைந்த அடைப்புக்குறிகள் போட்டுவைத்தால், அந்த இடத்தில் போகவேண்டிய ஊரின் பெயரை அதுவே நிரப்பும். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளுக்கு மட்டும் ஊர்ப் பெயர் வந்துசேராமல், {} அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தது. பல மாதம் கழித்துத்தான் அது என் கண்ணில் பட்டது. மானம் போகிறதே என்று உடனே சரிசெய்தேன்.

மறுநாள் காலையில் லோடு ஏற்றும் அண்ணன் கத்திக்கொண்டே வந்தார்.

"இன்னாபா, அந்த வளைஞ்ச மீசைய எடுத்துட்ட? மீசை வெச்ச பொட்டின்னாதான் ஆர்பர் லோடு. இப்ப எல்லாம் ஒரே மாரி கீது, எத்த ஏத்துறது?"

"ஊர் பேரே போட்டிருக்கேனேண்ணா."

"அந்தப் பொடி எழுத்த யாரு பட்சிக்கினு இருக்கறது? பேஜாரு பண்ணாத, மீசைய வை."

மேனேஜரும் அதையே சொன்னார். எரிச்சலோடு போய் உட்கார்ந்தேன். கேட்காதபோதெல்லாம் {} அச்சடித்துத் தள்ளிய லைப்ரரி, இப்போது கேட்டால் தர மறுத்தது; அந்தக் குறியைப் பார்த்ததுமே எதையாவது கொண்டுவந்து நிரப்பியது. இத்தனை மாதம் தெரியாமல் செய்த தப்பைத் தெரிந்து ஒருமுறை செய்வதற்குள் எனக்குச் சாயங்காலம் ஆகிவிட்டது.