சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

அபிராமபுரத்தில் எதிர்வீட்டுப் பையன் புதுக் காரை நிறுத்தி, "உங்க கையால வைங்க சார்" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டினான். அதன் வாசனை பட்டதும் என் கை பின்னுக்குப் போய்விட்டது.

எனக்கு அப்போது எட்டு வயது. சாந்தோமில் எங்கள் சந்து கடலை நோக்கிச் சரியும். டிராக்டரிலிருந்து கழற்றிய அப்பாவின் பழைய டிரெய்லர் அங்கே நிற்கும். பிரேக் பிடிக்காததால் சக்கரத்துக்கு முன்னால் எப்போதும் ஒரு மரக்கட்டை. ஆயுத பூஜையன்று காலை, மெக்கானிக் ஏழுமலை மாமா அடியில் படுத்துப் புது பிரேக் மாட்டிக்கொண்டிருந்தார். கிரீசும் சாம்பிராணியும் கலந்து மணந்தன.

"இனிமே உங்கப்பா கட்டையத் தூக்கிக்கினு வண்டி பின்னால ஓட வாணாம்" என்று சிரித்தார்.

பூஜைக்கு முன்பே பழத்தை நானே வைத்துவிட ஆசைப்பட்டேன். வைக்க வேண்டிய இடத்தில் கட்டை இருந்தது. ஆட்டி ஆட்டி அதை உருவிவிட்டுப் பழத்தை வைத்தேன். டிரெய்லர் மெல்ல நகர்ந்து பழத்தை நசுக்கியது. பிறகு மாமாவின் காலை.

ஓடிவந்த அப்பா என்னைத்தான் பார்த்தார்.

"கொயந்தைய இன்னாத்துக்கு மொறைக்கிறே மொதலாளி? கட்டை தானா வழுக்கிச்சு" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு. நானும் அதையே சொன்னேன். அப்பா இறக்கும்வரை அதையே சொன்னேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மாமா ஊன்றுகோலோடு வந்து என்னிடம் பழத்தை நீட்டினார். "வையி நைனா. இப்ப பிரேக்கு கீது." நான் வீட்டுக்குள் ஓடிவிட்டேன்.

"வைங்க சார்" என்றான் பையன் மறுபடியும். நான் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொரு முறை பார்த்தேன்.