எழுந்தவரை உட்கார வைத்த மெட்டு

ஜப்பானியர் ஆட்சியின் இரண்டாம் ஆண்டு அது. மலாயாவின் கேமரன் மலையில், தானா ராத்தாவிலிருந்து சில மைல் தள்ளியிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தேன். சென்னையில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுத் தந்தையைக் காண வந்தவனுக்கு, போர் மூண்டு கப்பல் போக்குவரத்து நின்றுபோனதால் அந்தத் தோட்ட அலுவலகத்திலேயே உட்கார நேர்ந்தது.

போருக்குப் பின் சென்னை திரும்பி, பல ஆண்டுகள் திரைப்படங்களுக்குப் பின்னணி இசை அமைத்தேன். முதன்முதலாகப் படத்துக்கு வாசித்தது எப்போது என்று பேட்டிக்கு வந்தவர்கள் கேட்கும்போதெல்லாம், ஜப்பானியச் சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் வாசிக்க வைத்தார்கள் என்று சொல்லி வந்தேன். அது உண்மையன்று. அதைத் திருத்துவதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் ஆர்மோனியம் சென்னையிலிருந்து என்னுடன் வந்தது. மாலையில் என் குடியிருப்பு முகப்பில் உட்கார்ந்து வாசிப்பேன். தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டும் தொழிலாளி ஒருவர், வேலை முடிந்ததும் வேலிக்கு வெளியே நின்று கேட்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தொழிலாளிகள் கிராணி வீட்டுப் படியேறுகிற வழக்கம் அப்போது இல்லை. ஏறச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அவருடைய காதுக்கு நான் அஞ்சினேன்.

"கிராணி ஐயா, எறங்குற எடத்துல ஓடுறீங்களே, யாரு தொரத்துறா?" என்பார் வேலிக்கு அப்பாலிருந்து.

எனக்குக் கோபம் வரும். அவர் போன பிறகு அந்த இடத்தை நிதானமாக வாசித்துப் பார்ப்பேன். அவர் சொன்னது சரியாகவே இருக்கும்.

நானே அமைத்த மெட்டு ஒன்று அவருக்குப் பிடிக்கும். சொற்கள் இல்லாதது, தாலாட்டைப் போன்றது. "அந்தத் தூங்க வைக்கிறத வாசிங்கய்யா" என்று கேட்பார். அதற்கு மட்டும் அவர் குறை சொன்னதில்லை. மற்றவை பிடிக்காவிட்டால் பாதியில் நடந்துவிடுவார். அப்படி அவர் நடந்துவிட்ட மாலைகளில் எனக்கு மரவள்ளிக் கிழங்கும் தொண்டையில் இறங்காது. இதை நான் எவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற செய்தி, அடிவாரத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து எங்கள் மலைக்கும் ஏறி வந்திருந்தது. போனவர் எவரும் திரும்பவில்லை என்றும் சொன்னார்கள். லோரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் தேயிலைக்குள் குனிந்து காட்டுப் பக்கம் ஓடிவிடுவார்கள்.

இப்படியிருக்கையில், தோட்டத்தில் இலவசமாகப் படம் காட்டப் போவதாகவும், வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் உப்பு தரப் போவதாகவும் ஓர் அறிவிப்பு வந்தது. காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டில் அதைப் படித்தவன் நான்தான்.

"உப்பும் குடுத்துப் படமும் காட்றானாம். சம்பந்தி வீட்டு விருந்தால்ல இருக்கு லா" என்றது வரிசையில் ஒரு குரல்.

"படத்துல சோறு காட்டுவானா, கேட்டுச் சொல்லு. நானும் வாரேன்" என்றது இன்னொன்று.

எல்லோரும் சிரித்தார்கள். கவாத்துக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "ஐயா, நம்பிப் போலாமா?" என்று என்னிடம் கேட்டார்.

"அரசாங்க அறிவிப்பு. அதில் என்ன சந்தேகம்?" என்றேன். எனக்கு எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்வது கிராணிக்கு அழகில்லை என்று நினைத்தேன்.

தேயிலைக்கு அப்போது விற்பனை இல்லாததால் தொழிற்சாலை ஓய்ந்து கிடந்தது. இலை வாட்டும் மாடியின் சன்னல்களில் கோணிகளைத் தொங்கவிட்டு, பட்டப்பகலில் இருட்டாக்கி, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மனைவியை வீட்டில் விட்டுவிட்டுக் கவாத்துக்காரரும் வந்திருந்தார். படம் ஓடத் தொடங்கியது. ஆனால் ஒலி வரவில்லை. மலைப்பாதையில் குலுங்கியதில் ஒலிப்பெட்டி கெட்டுவிட்டதாம்.

ஊமைப்படத்தைக் கண்டு கூட்டம் சலசலத்தது. சிலர் எழவும் செய்தார்கள். டவுனிலிருந்து ஜப்பானிய அதிகாரியுடன் மொழிபெயர்க்க வந்திருந்த தமிழ்த் துபாஷி கையைப் பிசைந்தார். அப்போது நான், யாரும் கேட்காமலே, "என்னிடம் ஆர்மோனியம் இருக்கிறது" என்றேன்.

"அட, மிஸ்டர் கிராணி! அத மொதல்லயே சொல்லக்கூடாதா? ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க" என்றார் துபாஷி.

ஓடினேன். வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக நான் எதற்கும் ஓடியதில்லை.

திரையின் ஓரமாக உட்கார்ந்தேன். திரையில் கப்பல்கள் போயின; அலைக்கு ஏற்றபடி துருத்தியை இழுத்தேன். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய கால்களுக்குத் தாளம் கொடுத்தேன். பிறகு ஒரு கதை வந்தது. ஒரு தாய் வாசலில் மகனுக்காகக் காத்திருந்தாள். மொழி புரியாத அந்தக் கூட்டம் அவளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஓர் உருவத்துக்குப் பின்னால் இசை நிற்கும்போது என்ன நிகழ்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். என் தொழில் அங்கேதான் தொடங்கிற்று.

அந்த நேரத்தில், திரையிலிருந்து சிதறிய வெளிச்சத்தில், கவாத்துக்காரர் எழுந்து நிற்பது தெரிந்தது. தலையைச் சாய்த்து எதற்கோ காது கொடுத்தார். பிறகு கதவை நோக்கி நடந்தார்.

பாதியில் போகிறார். எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். தோட்டமே அழுதுகொண்டிருக்கும்போது, அந்த ஒரு மனிதர் என் இசை சரியில்லை என்று எழுந்து போகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. வாசித்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அவருக்குப் பிடித்த அந்தத் தாலாட்டு மெட்டை எடுத்தேன். அதை ஆர்மோனியப் பெட்டி தாங்கும் மட்டும் உரக்க வாசித்தேன்.

அவர் நின்றார். திரும்பினார். இருட்டிலும் அவருடைய பற்கள் தெரிந்தன. கதவோரமாகக் குந்தி உட்கார்ந்தார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

படம் முடிந்ததும் கதவு வெளியிலிருந்து திறந்தது. துப்பாக்கிகளோடு சிப்பாய்கள் நின்றார்கள். கீழே, பனிமூட்டத்துக்குள் நான்கு லோரிகள். பெண்களையும் கிழவர்களையும் ஒதுக்கிவிட்டு மற்ற ஆண்களை வரிசையாக இறக்கினார்கள். கதவோரம் இருந்ததால் கவாத்துக்காரர் முதல் ஆளாகப் போனார். என்னைக் கடக்கையில் ஒரு கணம் நின்றார்.

"நல்லா வாசிச்சீங்கய்யா. லோரிச் சத்தமே கேக்கல."

அவ்வளவுதான். ஒரு சிப்பாய் அவரைத் தள்ளிக்கொண்டு போனான். அதிகாரி என் தோளைத் தட்டி ஒரு பொட்டலம் சீனி கொடுத்தார். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அந்தச் சீனியை எடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்துக்குப் போனேன். அவருடைய மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசலில் இருந்தார்.

"சீனி வேணாங்கய்யா. அவர எங்க எறக்கி வுட்டாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நீங்க படிச்சவுங்க, ஒங்களுக்குச் சொல்லுவாங்க."

கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் என்னையும் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அவர் எழுந்ததையும் நான் உட்கார வைத்ததையும் அந்த அம்மாளிடம் சொல்லவுமில்லை. போர் முடிந்த பிறகு அந்த நான்கு லோரிகளில் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. நான் கிடைத்த முதல் கப்பலில் ஏறினேன்.

சென்னையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது: ஒருவர் எழுந்து போகும் காட்சிக்கு இவர் இசை போடமாட்டார் என்று.

"என்ன சார், இந்த எடத்துல ஒண்ணையுமே காணோம்? பொட்டிக்குக் காய்ச்சலா?" என்று ஓர் இயக்குநர் கேலி செய்தார்.

"காலடிச் சத்தம் போதும்" என்றேன்.

படம் வெளிவந்தபோது அந்த மௌனத்தைப் பத்திரிகைகள் மேதைமை என்று எழுதின. கழுத்தில் போட்ட மாலைகளை ஏற்றுக்கொண்டேன். அந்த மெட்டை மட்டும் எதற்கும் கொடுக்கவில்லை என்று எழுத ஆசைதான். கொடுத்தேன். ஒரு தாலாட்டுப் பாட்டாக வந்து, வீடுதோறும் பாடினார்கள். அந்தப் பாட்டுக்காகவே இன்றும் என்னை நினைவு வைத்திருக்கிறார்கள்.

அன்று அவர் எழுந்தது லோரிச் சத்தம் கேட்டுத்தானா, திரும்பி உட்கார்ந்தது இசைக்காகவா, அல்லது படித்த கிராணி இருக்கச் சொல்கிறார், ஆபத்து இருக்காது என்று நம்பியா, நான் அறியேன். அவர் கடைசியாகச் சொன்னதை இத்தனை ஆண்டுகளாக ஒரு வசவாகவே மனத்தில் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டேன். ஆனால் என் வாசிப்பில் ஒருநாளும் பொய் சொல்லாத அந்த மனிதர், அன்றும் உண்மையாகவே பாராட்டியிருக்கக்கூடும் என்று தோன்றும் நேரங்களில்தான் என்னால் பெட்டியின் அருகில் உட்கார முடிவதில்லை.