தண்டவாளத் துண்டும் தொப்பித் திருடனும்

கால் முறிந்து வீட்டில் கிடந்த ஆறு வாரத்தில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் திருட்டு. கம்ப்யூட்டரில்தான். பெங்களூரில் இருக்கும் மச்சினன், "சும்மா படுத்துக்கிட்டு எங்கக்காள நச்சரிக்காதீங்க மாமா" என்று தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு வெளிநாட்டு நகரம். எல்லாம் கறுப்பு வெள்ளை, நடுநடுவே மட்டும் ரத்தச் சிவப்பு. சாய்த்து வைத்த தொப்பியும் முழங்கால்வரை கோட்டுமாக அந்தத் திருடன், மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பியவன் போல இருப்பான். பணக்கார வீட்டு விருந்துக்குள் நுழைந்து, காவல்காரர்கள் கண்ணில் படாமல், ஒரு மரகத மாலையை எடுத்துக்கொண்டு வெளியே வரவேண்டும். துப்பாக்கியால் சுடுகிற வேலையே கிடையாது. மரத்தரையில் ஓடினால் சத்தம் கேட்டு மாட்டிக்கொள்வோம், கம்பளத்தில் நடந்தால் பிழைப்போம். காவல்காரனின் காலடி இடது காதில் கேட்கிறதா வலது காதில் கேட்கிறதா என்று கவனிக்க ஹெட்போன் கட்டாயம்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். ஹாரன் அடிக்காமல் ஒரு கொண்டை ஊசி வளைவும் திரும்பியதில்லை. எனக்குப் போய் இந்தப் பூனை நடை பிடித்துப்போனது. ஆனால் ஆடும்போதெல்லாம் உள்ளங்கை வேர்த்துக் கொட்டும்.

எங்கள் வீடு மலைமேல் கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தின் கடைசி வீடு. மனைவி வேறொரு எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பிச் செடிகளுக்கு நடுவே கால் மணி நேரம் ஏறி வரவேண்டும். பாதி வழியில் ஒரு வளைவு, அதில் ஒரு சில்வர் ஓக் மரம். அங்கே செல்போன் வேலை செய்யாது. பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பது காட்டெருமையா புதரா என்று தெரியாது. அதனால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் அந்த மரத்தடியில் நின்று "ஓ..." என்று குரல் கொடுப்பார். வீட்டில் இருக்கிறவர் வாசலுக்கு வந்து பாதையைப் பார்க்கவேண்டும். மூட்டம் மறைத்தால் காது கொடுத்துக் கேட்கவேண்டும். பிறகுதான் பலாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டில் அடிக்கவேண்டும். ஓர் அடி என்றால் வழியில் ஒன்றுமில்லை, வரலாம். விடாமல் அடித்தால் எருமை நிற்கிறது, வராதே. சத்தமே இல்லையென்றால் அங்கேயே நிற்கவேண்டும்.

கார்த்திகையில் ஒரு நாள் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கிவிட்டது. அன்றுதான் விளையாட்டில் நான் மரகத மாலை இருக்கும் அறைவரை வந்திருந்தேன். திரைச்சீலைக்குப் பின்னால் திருடன், இந்தப் பக்கம் நான், இரண்டு பேருமே மூச்சு விடவில்லை. காவல்காரன் திரும்பிப் போனான். மாலையை எடுத்தேன். வெளியே வந்துவிட்டேன். சந்தோஷத்தில் ஹெட்போனைக் கழற்றினேன்.

"ஓ..."

குரல் கம்மியிருந்தது. முதல் குரல் அப்படி இருக்காது. மணியைப் பார்த்தேன், ஐந்து. பஸ் நாலே காலுக்கு வந்திருக்கும். அரைமணி நேரமாக அந்த மரத்தடியில் தனியாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு நொண்டியபடி ஓடினேன். பயத்தைவிட வெட்கம்தான் அதிகம், இப்போது ஒத்துக்கொள்கிறேன். இன்னும் ஒரு நிமிஷம் போனால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்றுதான் மனசு ஓடியது. பாதையைப் பார்க்கவில்லை. காது கொடுக்கவில்லை. கம்பியை எடுத்து ஓங்கி ஓர் அடி அடித்தேன்.

அடித்த பிறகுதான் பார்த்தேன். மூட்டம் கொஞ்சம் விலகியது. வீட்டுக்குக் கீழேயுள்ள தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, பாதையின் நடுவில், வெள்ளைக் காலுறை போட்டதுபோலக் காட்டெருமையின் நான்கு கால்கள். தலை அவள் வரும் பக்கம் திரும்பியிருந்தது.

மூட்டம் மறுபடி மூடிக்கொண்டது. விடாமல் அடித்தேன். "வராத புள்ள! அங்கயே நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கீழே செடிகள் முறிகிற சத்தம். எருமை மிரண்டு ஓடுகிறது. எந்தப் பக்கம்? அதுதான் தெரியவில்லை. இடது காது வலது காது என்று அத்தனை நாள் பழகியும் ஒரு இழவும் பிடிபடவில்லை. படி இறங்கப் பார்த்தேன், ஊன்றுகோல் வழுக்கிக் கீழே விழுந்தேன். பிறகு சத்தம் நின்றுபோனது. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

எவ்வளவு நேரமோ, மூட்டத்துக்குள்ளிருந்து அவள் வந்தாள். ஒரு காலில் செருப்பில்லை. புடவையெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு. எருமை ஓடி வந்தபோது பாதையோரத்து மரமொன்றோடு ஒட்டி நின்றிருக்கிறாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் எருமை போயிருக்கிறது.

"ஏனுங்க, உளுந்துட்டீங்களா? கால் என்னாச்சுங்க?" என்றாள். "எத்தன வாட்டி கூப்டறது! ஊட்டுக்குள்ள உளுந்து கெடக்கறீங்களோன்னு நொம்ப பயந்துட்டனுங்க. அதான் அடி கேட்டதும் ஒண்ணும் பாக்காம ஓடியாந்தேன்."

"ஆமா புள்ள, வழுக்கிருச்சு" என்றேன். விழுந்ததால்தான் தாமதம் என்று அவள் நினைக்கட்டும் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

காலுக்குத் தைலம் எடுக்க உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. கட்டிலில் கிடந்த ஹெட்போனிலிருந்து அந்த விளையாட்டின் பாட்டு ஈ மாதிரி ரீங்கரிப்பது வாசல்வரை கேட்டது. பிறகு அது நின்றது, அவள்தான் நிறுத்தியிருக்கவேண்டும். தைலத்தோடு வந்து உட்கார்ந்தாள். தேய்த்துவிட்டாள்.

மறுநாள் நாலு மணிக்கே நான் வாசலில் உட்கார்ந்துவிட்டேன். லேப்டாப்பைத் தொடவில்லை. குரல் வந்தது. பார்த்தேன், காது கொடுத்துக் கேட்டேன், ஓர் அடி அடித்தேன். அவள் வரவில்லை.

"பாத்துட்டீங்களா?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"பாத்துட்டேன் புள்ள."

அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலடி கேட்டது. கட்டுப் பிரித்து ஜீப் ஓட்டத் தொடங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. இன்றைக்கும் மூட்டம் இறங்கினால், நான் அடித்த பிறகு அந்தக் கேள்வி வருகிறது. எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அப்படிக் கேட்பதில்லை.