நாடியில் கேட்ட மழை

1. முதல் கை

காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் வேலைக்கு நான் மலையேறிய அன்று நல்ல வெயில். சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. போடியிலிருந்து குரங்கணி வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் நடைதான். ஏலத்தோட்டத்து மருந்து ரூம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒரு மேஜை, காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா ஜாடி, டிங்சர் பாட்டில், பாண்டேஜ் துணி. டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மற்ற நாளெல்லாம் என் பாடு.

முதல் நோயாளி வீரணன். களை வெட்டும்போது கால் விரலில் அரிவாள் பட்ட சின்னக் காயம். கழுவிக் கட்டிவிட்டு நாடி பிடித்தேன். பிடித்ததும் மழை கேட்டது. அகலமான இலைகளின் மேல் அடித்துப் பெய்கிற மழை. கையை விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். சத்தம் இல்லை, வெயில் அப்படியே இருந்தது. திரும்பி வந்து பிடித்தேன். மறுபடியும் மழை.

“என்னய்யா வெளிய வெளிய பாக்குறீக?” என்றான்.

“ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல ஆறிரும்.”

ஆறாம் நாள் ரணஜன்னி கண்டு அவனுக்குத் தாடை இறுகிக்கொண்டது. எட்டாம் நாள் ஓடைக்கு அப்பால் புதைத்தோம்.

2. நான் கேட்டது வேறு

போடியில் எங்கள் சபையில் அறுபது பேர் இருந்தால் அதிகம். எஸ்தர் அக்கா பாடினால் சண்டை போட்டவர்கள்கூட ஒரே பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். தச்சர் யோவான் அண்ணன் தலையில் கைவைத்து ஜெபித்தால் காய்ச்சல் விடும் என்பார்கள். ஆளுக்கொரு வரம். நானும் மருந்து வேலைக்குப் போகிறவனாயிற்றே என்று, குணமாக்கும் வரம் வேண்டும் என்று முழங்கால் வலிக்க ஜெபித்துவிட்டுத்தான் மலையேறியிருந்தேன்.

எனக்குக் கிடைத்ததோ இது. அந்த வருஷம் நாலு பேர் நாடியில் மழை கேட்டது. நாலு பேரும் பிழைக்கவில்லை. கேட்காத ஒருவரும் சாகவில்லை. பிசாசின் வேலையோ என்று உபவாசம் இருந்து பார்த்தேன். சத்தம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். மழை கேட்டவர்களிடம் நான் அதிக நேரம் நிற்கமாட்டேன். மிக்ஸ்சரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவேன். பிழைக்கிறவனுக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாமே என்பது நான் சொல்லிக்கொண்ட சமாதானம். உண்மையில் எனக்குப் பயம்.

3. கதவுக்குப் பின்னால்

நான் மறைத்தாலும் என் கை மறைக்கவில்லை. மலைக்காய்ச்சல் பரவிய வருஷம், கூலிக்காரர்களின் வரிசை வீடுகள் இருந்த மேல் லயத்துக்குப் போனேன். பட்டப்பகல். இருபது வீட்டிலும் புகை இல்லை, ஆள் சத்தம் இல்லை. மூடுபனி முழங்கால் உயரத்துக்கு வாசல்படிகளில் கிடந்தது. ஒரு கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நான் அடியெடுத்து வைத்ததும் அந்த இருமல் அமுங்கியது. அடுத்த கதவுக்குப் போனேன். உள்ளே மூச்சுகூட அடங்கியது. இருபது கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நான் போவதற்காகக் காத்திருந்தார்கள்.

பெரியகருப்பன் கங்காணிதான் முகத்துக்கு நேரே சொன்னார்.

“ஒங்க மேல கோவமில்ல டிரஸ்ஸரய்யா. நீங்க வெடுக்குனு கைய விட்டவுக ஒருத்தரும் பொழைக்கல. சனம் அதப் பாத்துருச்சு. இனி யாரும் கை நீட்ட மாட்டாக.”

மூன்று நாளில் மேல் லயத்தில் ஐந்து பேர் செத்தார்கள். கொயினா ஜாடி நிறைய அப்படியே இருந்தது.

4. ராக்காயி

நாலாம் நாள் காலையில் ராக்காயி தானே நடந்து வந்தாள். ஏலக்காய் எடுக்கிறவள், முப்பது வயது இருக்கும். புருஷன் மொக்கையன் பின்னால் தாங்கிக்கொண்டு வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

“பிடிச்சுப் பாருங்க. எனக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சு என்ன செய்யப் போற?”

“மகள செலமலையில அக்கா வீட்ல விட்டுட்டு வந்தேன். பொழைப்பேன்னா இங்கயே கெடந்து மருந்து குடிக்கிறேன். பொழைக்கலன்னா வெரசா எறக்கி விட்டுருங்க. அவ மொகத்தப் பாக்கணும்.”

இப்படி ஒருத்தி கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. பிடித்தேன். பெருமழை. வழக்கம்போல் விரல்கள் பின்வாங்கப் பார்த்தன. அவள் மற்றக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

“போவோம் ஆத்தா,” என்றேன். “இப்பவே போவோம்.”

மொக்கையன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் அழவில்லை. “நல்ல சேல ஒண்ணு இருக்கு. எடுத்துட்டு வா,” என்று மட்டும் அவனிடம் சொன்னாள்.

டோலிக்கு ஆள் கேட்டு, தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஓடினேன். “காய் சீசன்ல டோலி தூக்க ஆளா? நீரும் போனா வேலை போயிரும்,” என்றார். மருந்து ரூமுக்கே திரும்பினேன். கம்பளியை ஒரு கம்பில் கட்டி மொக்கையன் முன்னால், அவன் தம்பி பின்னால். நான் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எட்டு மணி நேரம் அந்தக் கையை விடவில்லை. இறங்க இறங்கச் சத்தம் கூடியது. குரங்கணியை நெருங்கும்போது காய்ந்த புல்லும் கல்லும்தான், இலையே இல்லை. என் காதில் மட்டும் காடு முழுக்கக் கொட்டியது. மொக்கையன் கூப்பிட்டதுகூடக் கேட்கவில்லை. ஆனால் அவள் முணுமுணுத்தது ஒவ்வொன்றும் தெளிவாகக் கேட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

“வாய் அசையுதே, ஒங்க சாமிகிட்ட என்ன கேக்குறீக?”

“வழி சீக்கிரம் முடியணும்னு.”

“கேளுங்க, கேளுங்க.”

குரங்கணியில் ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். பொழுது சாயச் சிலமலை வந்தோம். மகளுக்கு ஏழு வயது. ராக்காயி அவளை மடியில் இழுத்துத் தலை வாரிவிட்டாள். பேன் இருக்கிறது என்று அக்காவைத் திட்டினாள். பின்னல் முடிந்ததும் கையை மறுபடி என்னிடம் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் மழை நின்று என் காது காலியானது. அவள் முகத்தைப் பார்க்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

5. பிடித்த கை

இனி எனக்கு வேலை இருக்காது என்று நினைத்தபடியே மறுநாள் மலையேறினேன். மருந்து ரூம் வாசலில் மேல் லயத்து ஆட்கள் பதினைந்து பேர் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். அவள் கையை விடாமல் நான் டோலியோடு போன கதை எனக்கு முன்னால் ஏறிவிட்டிருந்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகு ரைட்டர் என்னை வேலையை விட்டு நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை.

முதலில் பெரியகருப்பன் கங்காணி. உடம்பு அனலாகக் கொதித்தது. கையை நீட்டினார்.

“எதுவும் சொல்ல வேணாம்யா. சும்மா பிடிச்சுக்கிட்டு இருங்க.”

பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணை மூடினார். என்னோடு மலையேறி வந்திருந்த மொக்கையனின் தம்பி கொயினாவை ஊற்றிக் கொடுத்தான். அந்தப் பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற மூவரும் தனியாகப் போகவில்லை.

சாவைத் தெரிந்துகொள்வதுதான் எனக்குக் கொடுக்கப்பட்டது என்று வெகுநாள் நினைத்து அதிலிருந்து ஓடினேன். யார் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று காட்டத்தான் கர்த்தர் கொடுத்திருக்கிறார் என்பது சிலமலைக்கு இறங்கிய வழியில் விளங்கியது. வரம் எதுவானாலும், அதை வாங்கியவன் பத்திரப்படுத்துவதற்கு அல்ல; பக்கத்தில் இருப்பவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு. இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான்: நாடி பார்த்து முடித்த பிறகும் உடனே கையை விட்டுவிடாதீர்கள்.